தீ வைத்தவனுக்கு என்ன பெயர்?

வேண்டுமென்றே தீ வைத்த ஒருவனை ஆங்கிலத்தில் எந்தப் பெயரால் சுட்டுவது என்ற கேள்வி மேற்பார்வைக்கு அகராதிக்காரர்களின் கவலையாகத் தோன்றினாலும், அதற்கு விடை தேடியவர்களின் வரிசையில் இங்கிலாந்தின் நீதிபதிகளும், ஜெர்மனி, பிரான்ஸ் தேசங்களின் மனநோய் வைத்தியர்களும், நமது காலத்து மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களும் நிற்கிறார்கள். ஆர்ஸனிஸ்ட், இன்ஸெண்டியரி, பைரோமேனியாக், ஃபயர்-ரெய்ஸர், ஃபயர்பக், ஃபயர்-ஸெட்டர் என்று ஆறு சொற்களேனும் இன்று வழக்கில் இருக்கின்றன. சிறிய அகராதிகள் இவற்றில் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, செய்தி எழுதுவோரும் ஒரே பத்தியில் அவற்றை மாற்றி மாற்றிப் பெய்து வருகின்றனர்.

ஸ்விட்ஸர்லாந்தின் நாடகாசிரியர் மாக்ஸ் ஃப்ரிஷ் ஜெர்மன் மொழியில் எழுதி 1958இல் மேடையேறிய ஒரு நாடகத்தின் கதி இதற்கு நல்ல சாட்சியாகும். மேல்மாடத்தில் பெட்ரோல் பீப்பாய்களை அடுக்கும் அந்நியர்களுக்கு வீட்டுக்காரரே தீக்குச்சியும் எடுத்துக் கொடுக்கும் அந்நாடகத்தின் தலைப்பில், தீ வைப்போரைக் குறிக்கும் ஜெர்மன் சொல் ஒன்று இருக்கிறது. அந்த ஒரே சொல் பிரிட்டிஷ் மொழிபெயர்ப்பில் 'ஃபயர் ரெய்ஸர்ஸ்' என்றும், அமெரிக்க மொழிபெயர்ப்பில் 'ஃபயர்பக்ஸ்' என்றும், 2007இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் நடிக்கப்பெற்ற புதிய மொழிபெயர்ப்பில் 'ஆர்ஸனிஸ்ட்ஸ்' என்றும் மூன்று வடிவம் எடுத்தது. மூன்று மொழிபெயர்ப்பாளர்களில் எவரும் பிழை செய்ததாகக் கூறுவதற்கில்லை. ஆயினும் மூன்று தலைப்புகளும் மூன்று வேறு மனிதர்களைக் கண்முன் நிறுத்துகின்றன. தீ வைத்தவனை எந்த ஸ்தானத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அவனுக்குரிய சொல் பெரும்பாலும் மாறுகிறது என்பதும், ஒரு ஸ்தானத்துக்குரிய சொல்லை இன்னொன்றில் வழங்குவதால் நியாயத்துக்கே சில வேளைகளில் பங்கம் நேர்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சட்டத்தின் சொல்

தீ வைத்தவனின் கருத்தை ஆராய்ந்து தண்டிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. ரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் இருந்ததாகக் கேயஸ் என்ற சட்ட ஆசிரியர் வாயிலாக நமக்கு எட்டியிருக்கும் விதியின்படி, கட்டடத்துக்கோ வீட்டை அடுத்துள்ள தானியக் குவியலுக்கோ அறிந்தே தீயிட்டவன் கட்டப்பட்டு, கசையடி பட்டு, தீயிலேயே மாள வேண்டும். அஜாக்கிரதையால் நேர்ந்ததாயின் நஷ்டத்தை ஈடு செய்தால் போதும். இங்கிலாந்தில் கான்யூட் அரசனின் சட்டம் வீடெரித்தலைப் பொருள் கொடுத்துக் கழுவ இயலாத குற்றங்களின் வரிசையில் வைத்தது. நார்மானியர் வருகைக்குப் பின் நியாயஸ்தலங்களில் குடிபுகுந்த பிரெஞ்சு மொழி, எரிதலைக் குறிக்கும் லத்தீன் தாதுவிலிருந்து பிறந்த 'ஆர்ஸன்' என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்தது.

அச்சொல்லுக்குப் பழைய பொதுச் சட்டம் வகுத்த எல்லை வியப்பூட்டும் அளவுக்குக் குறுகியது. பிறனுடைய வாசஸ்தலத்தையோ அதைச் சார்ந்த கட்டடத்தையோ கெட்ட எண்ணத்தோடு எரிப்பதே ஆர்ஸன். சுவர் புகை படிந்து கறுத்தாலும், மரம் வெப்பத்தால் நிறம் மாறினாலும் குற்றம் முற்றுப்பெறாது. எவ்வளவு சிறிதாயினும் வீட்டின் ஒரு பகுதி உண்மையாகவே எரிந்து கரியாகியிருக்க வேண்டும். தன் சொந்த வீட்டை எரித்தவன், அயலார் வீட்டுக்கு ஆபத்து விளைவிக்காதவரை, ஆர்ஸன் புரிந்தவனாகக் கருதப்பட்டதில்லை. ஒருவனுடைய சொத்தின் மதிப்பைக் காட்டிலும், இரவில் கண்ணயர்ந்து உறங்கும் குடும்பத்தின் அபயத்தையே அச்சட்டம் காக்க முனைந்தது என்பதை நினைத்தால் இந்த விசித்திரம் விளங்கும். இன்ஷூரன்ஸ் பெருகித் தன் வீட்டைத் தானே எரித்துப் பணம் பெறுவோர் தோன்றிய பிறகுதான், புதிய சட்டங்களால் எல்லையை விரிக்க வேண்டியதாயிற்று.

1971ஆம் ஆண்டின் குற்றச் சேதச் சட்டம் பழைய பொதுச் சட்டக் குற்றத்தை அடியோடு நீக்கி, எந்தச் சொத்தையும் நெருப்பால் குற்றமுறச் சேதப்படுத்துவதை ஆர்ஸன் என்றே சாற்ற வேண்டும் என்று விதித்தது. ஆயுட்காலச் சிறை வரை தண்டனை உண்டு. இதனால் பிறர் வீட்டை எரித்தவனும் தெருவோரக் குப்பைத் தொட்டியை எரித்தவனும் ஒரே சொல்லின் கீழ் வந்தனர். சொல் அகன்றது, கூர்மை குறைந்தது. இன்னொரு குறையும் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆர்ஸன் என்பது செயலின் பெயர். செய்தவனைக் குறிக்கும் ஆர்ஸனிஸ்ட் என்ற சொல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே வேரூன்றியது. அதுவரை அவனுக்கு வழங்கிய பெயர் இன்ஸெண்டியரி.

கலகத்தின் சொல்

'இன்ஸெண்டியரி' என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கு இரட்டை வாழ்க்கை உண்டு. கூரையில் தீயிடுபவனும் குடிமக்களிடையே பகையை மூட்டுபவனும் அதற்குள் அடங்குவர். 1640இல் ஸ்காட்லாந்தின் பிரதிநிதிகள் ஸ்ட்ராஃபோர்டு பிரபுவையும் ஆர்ச்பிஷப் லாடையும் இன்ஸெண்டியரிகள் என்று குற்றம் சாட்டியபோது, அரசனுக்கும் பிரஜைகளுக்கும் இடையே யுத்தத்தை வளர்த்தவர்கள் என்பதே அவர்கள் கருத்து. அமெரிக்கப் புரட்சிக்கு ஆதரவாக 1776 டிசம்பரில் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தின் கயிற்றுச் சாலைக்குத் தீ வைத்து, மறு ஆண்டு மார்ச் மாதத்தில் கப்பலொன்றின் பாய்மரத்தில் தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் ஐட்கனிடத்தில் அச்சொல்லின் இரண்டு பொருள்களும் ஒன்றுகூடின. 1830இல் தென் இங்கிலாந்தின் விவசாயக் கூலிகள் 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதங்கள் எழுதி, கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து, வைக்கோற் போர்களைக் கொளுத்தியபோது, கூலிக் குறைவால் வாடிய அந்த எளிய மக்களை ஆளும் வர்க்கம் இப்பெயரால்தான் சுட்டியது. அவர்களில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் நாடு கடத்தப்பட்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் யுத்தங்களில் எரிகுண்டுக்கும் இதே பெயர் வழங்கலாயிற்று. மனிதனைக் குறித்த பொருள் மெல்ல மங்கியது. இன்று அது பெரும்பாலும் ஆவேசப் பேச்சுக்கு அடைமொழியாகவே வாழ்கிறது. இது ஒரு நஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தீயின் பின்னே ஒரு பொது வழக்கு, ஒரு பசி, ஒரு பகை இருக்கக்கூடும் என்பதை நினைவூட்டிய ஒரே சொல் அது.

யார்க் தேவாலயம், 1829

சொற்களின் வேற்றுமையை ஒரே சம்பவத்தில் வைத்துக் காண வேண்டுமாயின், 1829 பிப்ரவரி முதல் தேதி இரவு யார்க் நகரப் பேராலயத்தில் நடந்ததைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. முன்னாள் மாலுமியும் உபதேசியுமான ஜானதன் மார்ட்டின் என்பவர் மாலை வழிபாட்டின் முடிவில் ஒரு கல்லறைக்குப் பின்னே ஒளிந்துகொண்டார். கதவுகள் பூட்டப்பட்டதும் மணிக்கயிற்றை அறுத்துத் தாம் இறங்கிச் செல்வதற்கு ஏற்ப முடிச்சுகள் இட்டார். பிரார்த்தனைப் புத்தகங்களையும் மெத்தைகளையும் குவியலாக்கித் தீ மூட்டினார். பின் ஜன்னல் வழியே அக்கயிற்றைப் பற்றி இறங்கிப் போனார். மறுநாள் காலையில் தீ கண்டறியப்பட்டது. பாடகர் மண்டபத்தின் கூரை எரிந்து விழுந்தது. இதற்கு முன்பே மதகுருமாரை எச்சரிக்கும் கடிதங்களைத் தம் பெயரின் முதலெழுத்துகளோடு அவ்வாலயத்திலேயே அவர் வைத்திருந்தார். கனவுகளில் தமக்கு இறைவனின் ஆக்ஞை கிடைத்தது என்பதே அவருடைய வாக்குமூலம்.

அவருக்காகப் புகழ்பெற்ற ஹென்றி புரூம் வாதாடினார். சித்த சுவாதீனமின்மை காரணமாகக் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பாகி, லண்டன் பெத்லஹேம் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, 1838இல் அங்கேயே அவர் உயிர் நீத்தார். அவரை எப்பெயரால் அழைப்பது? அறிந்தே தீ வைத்தார், தயாரிப்போடு வைத்தார், ஆனால் சட்டம் அவரைக் குற்றத்திலிருந்து நீக்கியதால் ஆர்ஸனிஸ்ட் என்பது பொருந்தவில்லை. அக்காலத்தார் இன்ஸெண்டியரி என்றனர். குருமாருக்கெதிரான அவரது கோபத்தைப் பார்த்தால் அது ஒருவாறு பொருந்தும். இன்றைய வாசகர் சட்டென்று பைரோமேனியாக் என்று சொல்லிவிடக்கூடும். வைத்திய சாஸ்திரத்தின் இன்றைய இலக்கணப்படி அதுவே முற்றிலும் தவறு, ஏனெனில் பிரமையால் உந்தப்பட்டுத் தீ வைத்தவனை அந்நோயின் வரம்புக்குள் அது சேர்ப்பதில்லை.

வைத்தியத்தின் சொல்

அந்தத் தீக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1833இல், பிரெஞ்சு வைத்தியர் சார்ல் மார்க் 'பைரோமனி' என்ற சொல்லை வழங்கினார். ஒரே விஷயத்தில் மட்டும் புத்தி பிறழும் 'ஏகவிஷயப் பித்து' என்னும் எஸ்கிரோலின் கொள்கையே இதற்கு அடித்தளம். எனினும் கேள்வி ஜெர்மனியில் முன்னரே எழுந்திருந்தது. தம் எஜமானர் வீடுகளுக்குத் தீ வைத்த இளம் வேலைக்காரப் பெண்களின் வழக்குகளைப் பரிசீலித்த அங்குள்ள வைத்தியர்களில் ஒரு சாரார், பருவமெய்தும் காலத்து உடல் மாறுதல்களோடு பிறக்கும் ஒரு தீவைப்பு உந்தல் உண்டு என்று கருதினர். அமெரிக்காவில் ஐசக் ரே 1838இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பித்தை ஏற்றுக்கொண்டார்.

எதிர்ப்பும் விரைவிலேயே எழுந்தது. பெர்லின் வைத்தியர் யோஹான் லுட்விக் காஸ்பர், 1846இல் எழுதிய கட்டுரையில், தீவைப்பு உந்தல் எனப்படுவதை ஒரு 'பேயுரு' என்று தலைப்பிலேயே குறித்தார். வழக்குகளைத் தனித்தனியே துருவினால் பழி, பொறாமை, பயம் முதலிய சாமானியக் காரணங்களே கிட்டும் என்பது இத்தகையோரின் வாதத்தின் சாரம். காரணம் தெரியாத செயலுக்கெல்லாம் நோயின் பெயரைச் சூட்டினால் விளங்காமையே விளக்கமாகிவிடும் என்ற அவர்களுடைய ஆட்சேபம் இன்றளவும் வலுவிழக்கவில்லை.

அந்த வேலைக்காரப் பெண்களின் கதைக்கு மூன்றாவது விளக்கம் ஒன்றும் உண்டு. எனக்கு அது மிக மனிதத் தன்மையுடையதாகப் படுகிறது. பிற்காலத்தில் தத்துவஞானியாகப் புகழ்பெற்ற கார்ல் யாஸ்பர்ஸ், 1909இல் ஹைடல்பெர்க் சர்வகலாசாலைக்கு அளித்த வைத்தியப் பட்ட ஆராய்ச்சியின் பொருள், 'ஊர் ஏக்கமும் குற்றமும்'. பிறந்த கிராமத்தைவிட்டு, இன்னும் குழந்தைப் பருவம் நீங்காத நிலையில், அந்நியர் வீட்டில் குழந்தை பார்க்க அனுப்பப்படும் சிறுமி, திரும்பி வர விடை கேட்கவும் அஞ்சி, இந்த வீடே இல்லாவிட்டால் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் அல்லவா என்று எண்ணி அடுப்புக் கொள்ளியை எடுக்கிறாள். இதில் தீயின்மேல் மோகம் எங்கே? வீட்டார்மேல் துவேஷந்தான் எங்கே? தாய்வீட்டுக்குப் போக அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே. இத்தகையவளுக்கு மேற்சொன்ன ஆறு சொற்களில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஃப்ராய்டு 1930களின் தொடக்கத்தில் தீயைப் பற்றி எழுதியவை புராணங்களிலிருந்து ஊகித்தவை. தீ வைத்தோரை நேரில் ஆராய்ந்து கண்டவை எனக் கொள்வதற்கில்லை. 1951இல் நோலன் லூயிஸும் ஹெலன் யார்னெலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட நூல் நெடுங்காலம் ஆதாரமாக விளங்கியது. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் நோய்ப் பட்டியலோ இவ்விஷயத்தில் உறுதியற்று ஊசலாடியது: 1968ஆம் ஆண்டுப் பதிப்பில் பைரோமேனியா தனி நோயாக இடம்பெறவில்லை, 1980இல் உந்தலடக்கமின்மை நோய்களுள் ஒன்றாகத் திரும்பி வந்தது.

இன்றைய இலக்கணம் கடுமையானது. ஒரு முறைக்கு மேல் அறிந்தே, நோக்கத்தோடு தீ வைத்திருக்க வேண்டும். வைக்கும் முன் மனத்தில் இறுக்கமும், வைத்த பின் இன்பமோ நிம்மதியோ தோன்ற வேண்டும். தீயிலும் அதைச் சார்ந்தவற்றிலும் ஈர்ப்பு இருக்க வேண்டும். பணம், அரசியல், கோபம், பழி, வேறு குற்றத்தை மறைத்தல், பிரமை, போதையால் மழுங்கிய அறிவு ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாகாது. இந்தச் சல்லடையில் சலித்தால் மிஞ்சுவோர் எத்தனை பேர் என்பதற்கு, பின்லாந்தில் திரும்பத் திரும்பத் தீ வைத்த 90 ஆடவரைப் பற்றி 2005இல் வெளிவந்த ஆராய்ச்சி விடை தருகிறது: பன்னிருவரிடம் மற்ற லட்சணங்கள் காணப்பட்டன, அவர்களில் ஒன்பதின்மர் தீ வைத்த வேளையில் மதுபோதையில் இருந்தவர்கள், ஆக எஞ்சியவர் மூவர்.

இலக்கணத்தின் உள்ளேயே ஒரு முடிச்சும் இருக்கிறது. அறிந்தே நோக்கத்தோடு செய்ததாகவும் வேண்டும், அடக்க முடியாத உந்தலாலும் வேண்டும் என்ற இவ்விரண்டும் ஒரே மனிதனிடத்தில் எப்படி ஒத்திருக்கும்? இங்கிலாந்துச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்க முயலவில்லை. தான் செய்வது இன்னதென்றும் அது தவறென்றும் அறிந்திருந்தானா என்பதே 1843ஆம் ஆண்டின் மக்நாட்டன் விதிகள் கேட்கும் கேள்வி. ஆகவே வைத்தியர் பைரோமேனியாக் என்று சான்றளித்தவனும் நியாயஸ்தலத்தில் ஆர்ஸனிஸ்ட்டாகவே தண்டனை பெறக்கூடும்.

தெருவின் சொற்கள்

ஃபயர்பக் அமெரிக்கப் பேச்சுவழக்கில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த சொல். ஒன்றின்மேல் பித்துக் கொண்டவனைப் 'பக்' என்னும் வழக்கோடு இதை இணைப்பர். கிண்டலும் பயமும் அதில் கலந்திருக்கின்றன. கூலிக்குத் தீ வைப்பவனுக்கு 'டார்ச்' என்று பெயர். ஃபயர்-ஸெட்டர் ஆராய்ச்சியாளர்களின் சொல். குற்றம், நோய் என்ற தீர்ப்பு எதுவும் அதில் இல்லாமையால் தீயோடு விளையாடும் சிறுவர்களைப் பற்றி எழுதுவோர் அதையே விரும்புகின்றனர்.

'பைரோ' என்ற குறுக்கம் எவ்வளவு கூசாமல் வழங்குகிறது என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ஜான் ஆர் வழக்கு ஒரு சான்று. கடைகளில் தலையணைகள் போன்ற சரக்குகளிடையே தீ வைத்துத் திரிந்த முகமறியாதவனுக்குத் துப்பறிவோர் 'தலையணைப் பைரோ' என்று பெயரிட்டனர். பிடிபட்டவர் கிளெண்டேல் நகரத் தீயணைப்புத் துறையில் தீவைப்பு வழக்குகளையே விசாரித்து வந்த அதிகாரி. 1984இல் நால்வர் உயிரைக் குடித்த ஒரு கடைத் தீக்காக 1998இல் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. பட்டப்பெயரிலே நோய் இருந்தது; தீர்ப்பிலே குற்றமே இருந்தது.

உத்தேசம் என்ற எல்லை

'வேண்டுமென்றே' என்ற சொல்லும் தோன்றுமளவுக்குத் தெளிவானதன்று. 2000ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் 11, 12 வயதுச் சிறுவர் இருவர் ஒரு கடையின் பின்புறம் செய்தித்தாள்களைக் கொளுத்தி, அவற்றைக் குப்பைத் தொட்டியின் அடியில் எறிந்துவிட்டு, தானே அணைந்துவிடும் என்று நம்பிப் போய்விட்டனர். தீ கடைக்குப் பரவி, நஷ்டம் சுமார் பத்து லட்சம் பவுனாயிற்று. தாளைக் கொளுத்தியது வேண்டுமென்றே, கடையை எரித்தது? நியாயபுத்தியுள்ள மனிதனுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தைக் கவனியாமையே போதும் என்று 1981இல் ஒரு ஹோட்டல் தீ வழக்கில் வகுத்த கொள்கைப்படி அச்சிறுவர்கள் குற்றவாளிகளாயினர். 2003இல் பிரபுக்கள் சபை அக்கொள்கையைக் கைவிட்டு, அவர்களே அந்த ஆபத்தை உணர்ந்திருந்தார்களா என்றுதான் பார்க்க வேண்டும் எனத் தீர்த்து அவர்களை விடுவித்தது.

ஸ்காட்லாந்தின் சட்டம் இவ்விஷயத்தில் நேர்மையானது என்பேன். 'ஃபயர்-ரெய்ஸிங்' என்ற தன் பழஞ்சொல்லை இழக்காமல், மனமறிந்து தீயிடுதல் வேறு, குற்றமான அலட்சியத்தால் தீயிடுதல் வேறு எனப் பெயரிலேயே அது பிரித்து வைத்திருக்கிறது. லண்டனின் ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்து கிடப்பது எடின்பரோவில் வெளிப்படையாக நிற்கிறது.

நமது சட்டமும் நமது சொற்களும்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தை வரைந்தவர்கள் ஆங்கிலேயரேயாயினும், ஆர்ஸன் என்ற சொல்லைத் தவிர்த்து, நெருப்பால் சொத்துக்குக் கேடு விளைவித்தல் என்ற விளக்கத்தையே 435, 436ஆம் பிரிவுகளில் கையாண்டனர். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 326ஆம் பிரிவும் அவ்வழியே செல்கிறது. வடமொழித் தர்ம சாஸ்திரங்களோ நஞ்சிடுவோன் முதலிய ஆறு ஆததாயிகளின் வரிசையில் தீயிடுவோனையும் வைத்து, அவனுக்கு ஒற்றைச் சொல்லிலேயே பெயர் வைத்திருந்தன.

தமிழில் வினைகள் வளமானவை. அடுப்பில் தீ மூட்டுகிறோம். பகைவன் வைக்கோற் போரில் தீ வைக்கிறான். மகன் கொள்ளி வைக்கிறான். இரு வீட்டாரிடையே சண்டை மூள ஒருவன் பற்றவைக்கிறான், அல்லது கொளுத்திப் போடுகிறான். இன்ஸெண்டியரியின் இரண்டாம் பொருளை இந்தக் கடைசி வழக்குகள் அழகாகவே தாங்குகின்றன. பெயர்ச்சொல்லில்தான் நமக்குத் தட்டுப்பாடு. பைரோமேனியாவுக்குத் 'தீவைப்பு வெறி' என்று எழுதுவதை நான் ஏற்கத் தயங்குகிறேன். கொலைவெறி, சாதிவெறி என்று வழங்கும் நம் மொழியில் வெறி என்பது நோயைக் காட்டிலும் பாவத்தையே அதிகம் உணர்த்துகிறது. 'தீவைப்பு உந்தல் நோய்' என்பது நீளமாயினும் நியாயமானது.

எஞ்சி நிற்கும் ஐயங்கள்

இதுவரை கூறியவற்றிலிருந்து, ஆர்ஸனிஸ்ட் நியாயஸ்தலத்தின் தீர்ப்பு, பைரோமேனியாக் வைத்தியரின் நிர்ணயம் என்ற அளவில் உறுதியாகப் பேசலாம். அப்படியொரு தனி நோய் உண்மையில் உண்டா, அல்லது காஸ்பர் கருதியதுபோல் வேறு துன்பங்களின் நிழலா என்பது தீரவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. பின்லாந்தின் மூவரைப் பார்க்கையில், அந்த இடம் மிகச் சிலருக்காக ஒதுக்கப்பட்டது என்றுமட்டும் கூறலாம். உந்தலும் உத்தேசமும் ஒருங்கே இருக்கக்கூடுமா என்ற கேள்வியிலும் சட்டமும் வைத்தியமும் இன்னும் சமரசத்துக்கு வரவில்லை.

இந்நிலையில் செய்தி எழுதுவோரிடமும் மொழிபெயர்ப்போரிடமும் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. தீர்ப்பு வரும்வரை 'தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்' என்றே எழுதுங்கள்; வைத்தியர் சொல்லாத நோயின் பெயரை எவர் தலையிலும் ஏற்றாதீர்கள்.